ஏரி நிரம்பியும் கடைக்கோடி வீட்டுக்குத் தண்ணி வரலே, ஏன்? குழாய்க் கணக்கு போட்டுக் காட்டும் கம்ப்யூட்டர்

சென்னை நகரில் எந்தக் குழாயடிக்குப் போனாலும் காதில் விழும் கேள்வி இது: "தெரு முனையிலே தண்ணி கொட்டுது. எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வரலே?"

நியாயமான கேள்விதான். ஒரே தெரு. ஒரே குழாய். ஆனால் முதல் வீட்டில் சம்ப் நிரம்பி வழிகிறது. கடைசி வீட்டில் அடி பம்பு காற்றைத்தான் இழுக்கிறது.

ஏரி வறண்ட காலத்தில் இப்படி நடந்தால் ஜனங்கள் பொறுத்துக் கொள்வார்கள். ஏரி நிரம்பி உபரி நீரைத் திறந்து விடும் ஆண்டிலும் இதே கதை நடக்கிறதே, அது எப்படி?

விடை ஏரியில் இல்லை. ரோட்டுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தோண்டிப் பார்க்காமலே கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் கணக்கு ஒன்று உண்டு. "ஹைட்ராலிக் மாடல்" என்று என்ஜினீயர்கள் அதைச் சொல்வார்கள். நம் பாஷையில் "குழாய்க் கணக்கு" என்று வைத்துக் கொள்ளலாம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

தண்ணீர் ரெயில்

2019-ம் ஆண்டு கோடையை சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய 4 ஏரிகளும் வறண்டன. நாள் ஒன்றுக்கு 83 கோடி லிட்டர் கொடுத்து வந்த குடிநீர் வாரியம், அதை சுமார் 52½ கோடி லிட்டராகக் குறைத்தது.

தாய்மார்கள் காலிக் குடங்களுடன் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன.

அப்போதுதான் ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. ஜூலை 12-ந் தேதி முதல் ரெயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர். ஒரு நாளைக்கு மொத்தம் 1 கோடி லிட்டர் கொண்டு வருவது என்பது திட்டம்.

ஊரே வேடிக்கை பார்த்த ரெயில் அது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 52½ கோடியில் 1 கோடி என்பது நூற்றுக்கு 2 கூட ஆகாது!

பல இந்திய நகரங்களில் குழாயில் விடும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு வரை கணக்கில் வராமல் போகிறது. ஒழுகிப் போவது ஒரு பகுதி. திருட்டு இணைப்பு, அளவு பார்க்காமல் போவது என்று மீதி.

அதாவது, குழாயில் விடும் தண்ணீரில் நூற்றுக்கு இரண்டு பங்கை ஒழுகாமல் காத்தாலே ரெயிலில் வரும் தண்ணீர் முழுவதும் மிச்சம். ரெயில் கண்ணுக்குத் தெரிகிறது. ஒழுகல் தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒவ்வொரு சொட்டுக்கும் காசு

4 ஏரிகளும் முழுதாக நிரம்பினால் 11 டி.எம்.சி.க்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். அது போதாது என்றுதான் 1983-ம் ஆண்டு ஆந்திராவுடன் கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் ஆயிற்று. 1996-ல் அந்தத் தண்ணீர் பூண்டிக்கு வந்தது. 2004-ல் கடலூர் மாவட்டம் வீராணம் ஏரியில் இருந்து 200 கிலோ மீட்டருக்கு மேல் குழாய் போட்டு தண்ணீர் வந்தது.

பிறகு கடல் நீர். மீஞ்சூரில் 2010-ல் 10 கோடி லிட்டர் ஆலை. நெம்மேலியில் 2013-ல் இன்னொரு 10 கோடி லிட்டர். அதே நெம்மேலியில் 2024-ல் மேலும் 15 கோடி லிட்டர் ஆலை திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

கடல் நீரைக் குடிநீர் ஆக்குவது சும்மா இல்லை. ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 10 கோடி லிட்டர் ஆலை ஒரு நாள் ஓடினால் 3 லட்சம் யூனிட்டுக்கு மேல் செலவு.

இப்படிக் கரண்டு செலவழித்து எடுத்த தண்ணீர், ரோட்டுக்கு அடியில் ஓட்டைக் குழாய் வழியாக மண்ணுக்குப் போனால்? தண்ணீரும் போச்சு, கரண்டும் போச்சு.

புதிய ஆலை கட்டுவது ஒரு வழி. இருக்கிற தண்ணீரை ஒழுங்காக வீடு கொண்டு சேர்ப்பது இன்னொரு வழி. இரண்டாவது வழிக்குத்தான் குழாய்க் கணக்கு வேண்டும்.

அழுத்தம் என்றால் என்ன?

குழாயில் தண்ணீர் ஓட வேண்டுமானால் பின்னால் இருந்து தள்ள வேண்டும். மேல்நிலைத் தொட்டி உயரத்தில் இருப்பது அதற்காகத்தான். இந்தத் தள்ளும் விசையை "அழுத்தம்" என்கிறோம். 10 மீட்டர் உயரத் தண்ணீர், சதுர சென்டி மீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் கொடுக்கும்.

மத்திய அரசின் குடிநீர்க் கையேடு நீண்ட காலமாகச் சொல்லி வந்த கணக்கு இது: தரைமட்ட வீட்டுக்கு 7 மீட்டர் அழுத்தம். ஒரு மாடி உள்ள வீட்டுக்கு 12 மீட்டர். இரண்டு மாடிக்கு 17 மீட்டர். இந்த அளவு தெருக்குழாயில் இருந்தால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் ஏறும்.

மலையூராக இருந்தால் சரிவே தண்ணீரை இழுத்துக் கொண்டு போகும். சென்னையோ தட்டையான ஊர். பெரும்பகுதி கடல் மட்டத்துக்கு சில மீட்டர் உயரம்தான். பம்பு வைத்துத் தள்ளியே ஆக வேண்டும். 1914-ல் கீழ்ப்பாக்கம் குடிநீர் நிலையத்தை அமைத்த என்ஜினீயர் மேட்லி காலத்தில் இருந்தே இந்தப் பாடுதான். (தி.நகரில் மழை வந்தால் தண்ணீர் தேங்குகிறதே மேட்லி சப்வே, அது அவர் பெயரில் உள்ளதுதான்.)

மூன்று எதிரிகள்

தள்ளி விட்ட அழுத்தம் கடைக்கோடி வரை போய்ச் சேர்வதில்லை. வழியில் 3 எதிரிகள் இருக்கிறார்கள்.

முதல் எதிரி, குறுகலான குழாய். 8 அங்குலக் குழாய் என்றால் 4 அங்குலக் குழாயைப் போல இரண்டு மடங்கு தண்ணீர்தானே போகும் என்று நினைப்போம். தப்பு. ஒரே அழுத்தத்தில் 6 மடங்கு போகும்!

இரண்டாவது எதிரி, வயது. பழைய இரும்புக் குழாயின் உள்ளே துரு கட்டி கட்டியாக நிற்கும். தண்ணீர் அதில் உரசி உரசி வேகத்தை இழக்கும்.

மூன்றாவது எதிரி, அவசரம். இதுதான் மூவரிலும் பொல்லாதது. யாரும் இதை எதிரியாக நினைப்பதே இல்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். 100 வீடுகள். வீட்டுக்கு 5 பேர். தலைக்கு 135 லிட்டர். மொத்தம் ஒரு நாளைக்கு 67 ஆயிரத்து 500 லிட்டர். இதைக் கொண்டு வருவது 400 மீட்டர் நீளமுள்ள, ஓரளவு பழசான 4 அங்குல இரும்புக் குழாய்.

இவ்வளவு தண்ணீரையும் காலையில் 2 மணி நேரத்தில் விட்டால், அந்த 400 மீட்டர் தூரத்தில் மட்டும் 11 மீட்டர் அழுத்தம் உரசலில் தொலைந்து போகும். மூன்று மாடி உயரம்! தொடக்கத்தில் 12 மீட்டர் இருந்தால் கடைசியில் மிஞ்சுவது 1 மீட்டர். பிறகு எப்படி குழாயில் தண்ணீர் வரும்?

அதே தண்ணீரை 24 மணி நேரத்திலும் சீராக விட்டால்? தொலைவது சுமார் 11 சென்டி மீட்டர்தான். எல்லோரும் குளிக்கும் நேரத்தில் மூன்று மடங்கு தண்ணீர் எடுத்தாலும் 1 மீட்டருக்குள் அடங்கி விடும்.

குழாய் மாறவில்லை. தண்ணீரின் அளவும் கூடவில்லை. நேரத்தை மாற்றியதும் கடைக்கோடி வீட்டுக்குத் தண்ணீர் வந்து விட்டது!

நேரத்தை மாற்ற முடியாது என்றால், 4 அங்குலக் குழாயை எடுத்து விட்டு 6 அங்குலக் குழாய் போட்டால் 11 மீட்டர் நஷ்டம் ஒன்றரை மீட்டராக இறங்கும். எது செலவு குறைவு? அதையும் கணக்கே சொல்லும்.

கணக்கு வாத்தியார்

மேலே சொன்னது ஒரே ஒரு குழாய். ஒரு பெரிய நகரத்தில் ஆயிரக்கணக்கான தெருக்கள். குழாய்கள் ஒன்றோடு ஒன்று வலை போலப் பின்னிக் கிடக்கின்றன. ஒரு முனையில் வால்வைத் திருகினால் இன்னொரு முனையில் அழுத்தம் மாறும். இதைக் கையால் கணக்கு போட்டால் மண்டை காய்ந்து விடும்.

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்டி கிராஸ் என்ற பேராசிரியர் 1936-ம் ஆண்டு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் குத்துமதிப்பாக ஓட்டத்தை வைத்துக் கொள்வது. பிறகு ஒவ்வொரு வளையமாகத் திருத்திக் கொண்டே போவது. பேப்பரும் பென்சிலும் வைத்துக் கொண்டு என்ஜினீயர்கள் பல வருஷம் இப்படித்தான் கணக்கு போட்டார்கள்.

இப்போது கம்ப்யூட்டர் அதை நொடியில் முடிக்கிறது. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 1993-ல் "எபாநெட்" என்ற புரோகிராமை வெளியிட்டது. காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்து உபயோகிக்கலாம். உலகம் முழுவதும் இதுதான் அதிகம் புழங்குகிறது.

அதற்குள் என்ன கொடுக்க வேண்டும்? எந்தத் தெருவில் எத்தனை அங்குலக் குழாய், எவ்வளவு நீளம், எந்த வருஷம் போட்டது, தரை எவ்வளவு உயரம், பம்பின் சக்தி, தொட்டியின் கொள்ளளவு, எந்த வால்வு எப்போது திறக்கும், எந்தச் சந்திப்பில் எவ்வளவு தண்ணீர் தேவை - இவ்வளவும் வேண்டும்.

கொடுத்து விட்டால் ஒவ்வொரு சந்திப்பிலும் மணிக்கு மணி அழுத்தம் எவ்வளவு என்று சொல்லி விடும். அழுத்தம் குறைந்த இடம் படத்தில் தனி நிறத்தில் தெரியும்படி செய்யலாம். கடைக்கோடி வரை குளோரின் போய்ச் சேருகிறதா என்பதும் தெரியும். கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லி கிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி.

இதில் பெரிய லாபம் என்னவென்றால், "இப்படிச் செய்தால் என்ன ஆகும்?" என்று கேட்டுப் பார்க்கலாம். ரோட்டைத் தோண்ட வேண்டாம். இரண்டு முட்டுச்சந்துக் குழாய்களை இணைத்தால் என்ன? புதிய தொட்டியை இங்கே கட்டாமல் அங்கே கட்டினால் என்ன? 200 வீடு உள்ள புது அடுக்கு மாடிக்கு இணைப்பு கொடுத்தால் பின்னால் உள்ள குப்பத்துக்குத் தண்ணீர் குறையுமா? எல்லாம் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக் கொள்ளலாம்.

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோ மீட்டரில் இருந்து 426 சதுர கிலோ மீட்டராக விரிந்தது. அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம், சோழிங்கநல்லூர் என்று பல ஊர்கள் சேர்ந்தன. வளர்ந்த ஊருக்குக் கண்ணை மூடிக் கொண்டு குழாய் நீட்டினால், நீட்டிய இடத்துக்கும் போதாது. பழைய இடத்துக்கும் குறையும்.

புதைந்து போன வால்வு

கம்ப்யூட்டர் சொல்வது நிஜமா? தெருவில் இறங்கி அளவு பார்த்தால்தான் தெரியும். அழுத்தமானி என்ற கருவியைக் குழாயில் மாட்டி, கணக்கோடு ஒப்பிடுவார்கள்.

கணக்கு 9 மீட்டர் என்கிறது. கருவி 4 மீட்டர் காட்டுகிறது. அப்படியானால் நடுவில் ஏதோ கோளாறு. தேடிப் போனால் பல ஊர்களில் கிடைக்கும் பதில் விசித்திரமானது. என்றைக்கோ ரிப்பேருக்காக மூடிய வால்வு பாதி மூடியபடியே கிடக்கும். அதன் மேல் தார் ரோடு போட்டிருப்பார்கள்! அந்த ஒரு வால்வைத் திறந்தால் ஒரு பேட்டைக்கே விமோசனம்.

இங்கேதான் வால்வு திறந்து விடும் ஊழியரின் அனுபவம் தேவைப்படுகிறது. எந்த வால்வை எத்தனை சுற்று திருகினால் எந்தத் தெருவுக்குப் போகும் என்பது அவருக்கு விரல் நுனியில். அது எந்தப் படத்திலும் கிடையாது. அவர் ஓய்வு பெற்றால் அந்த அறிவும் அவரோடு வீட்டுக்குப் போய் விடும். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளாமல் போடும் கணக்கு, வெறும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

நாள் முழுக்க ஏன் விடலே?

"24 மணி நேரமும் விட்டால் தண்ணீர் வரும் என்கிறீர்களே, விட வேண்டியதுதானே?" என்று வாசகர்கள் கேட்கலாம்.

அங்கே ஒரு சிக்கல் உண்டு. குழாய் ஓட்டையாக இருந்தால், 2 மணி நேரம் ஒழுகியது 24 மணி நேரமும் ஒழுகும். அழுத்தம் கூடக் கூட ஒழுகலும் கூடும். ஏரி சீக்கிரம் காலி ஆகும்.

ஆகவே முதலில் ஓட்டையை அடைக்க வேண்டும். ஊர் முழுவதும் ஒரே நாளில் அடைக்க முடியாது. நகரத்தைச் சிறு சிறு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் வாசலிலும் ஒரு மீட்டர் வைக்க வேண்டும். பகுதியை எப்படிப் பிரித்தால் யாருக்கும் அழுத்தம் குறையாது என்பதை மாடல் சொல்லும்.

பிறகு ராத்திரி 2 மணி முதல் 4 மணி வரை மீட்டரைப் பார்க்க வேண்டும். ஊரே தூங்கும் நேரம். அப்போதும் மீட்டர் வேகமாக ஓடினால் தண்ணீர் எங்கே போகிறது? ஒழுகுகிறது! திருடனைப் பிடிப்பது போல ஒழுகலைப் பிடித்து விடலாம்.

விட்டு விட்டு சப்ளை செய்வதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது. பக்கத்தில் சாக்கடை ஓடினால் ஓட்டை வழியாக அது உள்ளே வரும். போதாக்குறைக்கு சிலர் தெருக்குழாய் இணைப்பிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சுகிறார்கள். அது சட்ட விரோதம். பக்கத்து வீட்டுத் தண்ணீரை மட்டும் அல்ல, பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்துத்தான் அந்த மோட்டார் இழுக்கிறது. காலையில் முதல் குடம் நாற்றம் அடிக்கிறதே, காரணம் இதுதான். வாந்தி பேதி வந்தால் முதலில் அவதிப்படுவது குழந்தைகள்.

துப்பாக்கி காட்டிய தளபதி

ஓட்டையை அடைத்துக் காட்டிய ஊர் இருக்கிறதா? இருக்கிறது.

கம்போடியா நாட்டுத் தலைநகர் நாம்பென். உள்நாட்டுப் போரில் சீரழிந்த ஊர். 1993-ல் அங்கே 100 லிட்டர் விட்டால் 72 லிட்டர் கணக்கில் வராது. தண்ணீர் வருவதே ஒரு நாளில் 10 மணி நேரம்தான்.

குடிநீர் நிர்வாகத்துக்குத் தலைவராக வந்த எக் சோன் சான் பழைய குழாய்களை மாற்றினார். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து அழுத்தத்தையும் ஓட்டத்தையும் கண்காணித்தார். எல்லா வீட்டுக்கும் மீட்டர் வைத்தார். ராணுவத் தளபதி ஒருவர் வீட்டுக்கு மீட்டர் மாட்டப் போன போது, அவர் துப்பாக்கியை நீட்டி மிரட்டினாராம். இவர் விடவில்லை. இணைப்பைத் துண்டித்து விட்டார்!

சுமார் 15 ஆண்டுகளில் 72 லிட்டர் நஷ்டம் 6 லிட்டராக இறங்கியது. 24 மணி நேரமும் தண்ணீர் வந்தது. எக் சோன் சானுக்கு 2006-ம் ஆண்டு மகசேசே விருது கிடைத்தது.

நம் நாட்டில் ஒடிசா மாநிலம் பூரி நகரில் 2021-ம் ஆண்டு ஜூலையில் 24 மணி நேரமும் குழாயிலேயே குடிக்கும் தண்ணீர் என்று அறிவித்தார்கள். பூரி சின்ன ஊர். சென்னையோடு ஒப்பிட முடியாதுதான். ஆனால் சென்னையின் ஒரு பகுதியோடு ஒப்பிடலாம் அல்லவா? பகுதி பகுதியாகப் போனால் பெரிய ஊரும் சின்ன ஊர்தான்.

கணக்கும் பொய் சொல்லும்

கம்ப்யூட்டர் வந்து விட்டால் எல்லாம் சரியாகி விடும் என்று நினைப்பதும் தப்பு. பொய்யைக் கொடுத்தால் பொய்யைத்தான் திருப்பித் தரும்.

சென்னையில் பெரும்பாலான வீடுகளில் தண்ணீர் மீட்டர் கிடையாது. யார் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பது உத்தேசம்தான். தலைக்கு 135 லிட்டர் என்று காகிதத்தில் எழுதலாம். பெரிய சம்ப் உள்ள வீடு, அழுத்தம் இருக்கும் வரை இழுத்துக் கொண்டே இருக்கும். அடி பம்பு வீட்டுக்கு ஒரு மணி நேரம் அடித்தால்தான் நாலு குடம். இருவரையும் சமமாகப் போட்டால் கணக்கு உதைக்கும்.

அழுத்தம் குறைந்தால் கிடைக்கும் தண்ணீரும் குறையும் என்பதைக் கணக்கில் எடுக்கும் வசதி, எபாநெட்டில் 2020-ல் வெளியான 2.2 பதிப்பில்தான் சேர்ந்தது. நம் ஊருக்குத் தேவையான வசதி அதுதான்.

இன்னொரு விஷயம். சரியாகப் போட்ட கணக்கு சில பேருக்குக் கசக்கும். எந்தத் தெருவுக்கு அதிகம் போகிறது, எந்தக் குடிசைப் பகுதிக்குப் போகவே இல்லை என்பது பச்சையாகத் தெரிந்து விடும். "எல்லோருக்கும் சமமாகத்தான் விடறோம்" என்று யாரும் சொல்ல முடியாது. எங்கே குறைகிறது என்று காட்டுவதோடு கம்ப்யூட்டரின் வேலை முடிந்தது. அதைச் சரி செய்வதா, வழக்கம் போல ஒரு லாரியை அனுப்பிச் சமாளிப்பதா என்பதை அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும்தான் முடிவு செய்ய வேண்டும்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

தண்ணீர் வரவில்லை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாமல், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு வந்தது, எப்போது நின்றது, எத்தனை குடம் கிடைத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். தெருவில் முதல் வீட்டுக்காரரும் கடைசி வீட்டுக்காரரும் சேர்ந்து குறித்தால் இன்னும் நல்லது. குழாய்க் கணக்கு சரியா தப்பா என்று பார்க்க இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

ரோட்டில் தண்ணீர் கசிந்தால் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்குப் போன் செய்து சொல்லலாம். புகார் எண்ணை மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

தெருக்குழாயில் மோட்டார் வைப்பவர்கள் அதை உடனே எடுத்து விடுவது எல்லோருக்கும் நல்லது. அவர்கள் வீட்டுக் குழந்தைகளும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

மழை எப்போது பெய்யும் என்பது நம் கையில் இல்லை. பெய்த மழை கடைசி வீடு வரை போய்ச் சேர்கிறதா என்பது நம் கையில்தான் இருக்கிறது.